கருங்கல் கோட்டை, கம்பி வேலி

மலேசியாவில், ஜொகூர் ஆற்றங்கரையில் இருக்கும் ஜொகூர் லாமாவுக்குக் கோட்டை பார்க்க வருகிறவரின் கண் முதலில் மதிலைத் தேடும். மதில் இல்லை. ஆற்றை நோக்கி நீண்டிருக்கும் மேட்டில், புல் மூடிய மண்கரை ஒன்று வளைந்து போகிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் என்றால் ஏரிக்கரை என்று நினைத்துக் கடந்து போய்விடுவார். கோத்தா பத்து, கற்கோட்டை, என்று இதற்குப் பெயர்.

எங்கள் ஊரான சாஆவிலிருந்து குளுவாங் வழியாகக் கோத்தா திங்கி. அங்கிருந்து ஆறு போகிற திசையிலேயே, தெலோக் செங்காட் பக்கம் இறங்க வேண்டும். வழி நெடுகச் செம்பனை. பெரியப்பாவையும் கூட்டி வந்திருந்தேன். வாழ்நாள் முழுக்க ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். மேட்டில் ஏறி நின்று, சரிவை மேலிருந்து கீழ்வரை கண்ணால் அளந்தார்.

"மழைத் தண்ணியில மண்ணு போகாம இருக்க நாங்க தோட்டத்துல வெட்டின வரப்பு இதைவிட ஒழுங்கா இருக்கும்யா" என்றார்.

கோட்டையைப் பற்றிய அவருடைய முதல் கருத்து அது. தொழில் தெரிந்தவர் சொல்வதை மறுக்க எனக்கு வழியில்லை.

*

இந்த மண்கரையின் கதை மலாக்காவில் தொடங்குகிறது. 1511-ல் அல்புகெர்க் மலாக்காவைப் பிடித்தார். உடனே கோட்டை கட்டியாக வேண்டும், கல் வேண்டும். மசூதிகளையும் சுல்தான்களின் கல்லறைகளையும் பிரித்து எடுத்த கல்லில் ஆ ஃபாமோசா எழுந்தது. ஊரை இழந்த சுல்தான் மஹ்மூது ஷா பிந்தானுக்குப் போனார். அங்கேயும் துரத்தப்பட்டு, சுமத்ராவில் கம்பாரில் 1528-ல் இறந்தார். அவர் மகன் அலாவுதீன்தான் இந்த ஆற்றுக்கு வந்து ஜொகூர் சுல்தானகத்தைத் தொடங்கியவர்.

அவரும் நிம்மதியாக உட்காரவில்லை. 1535-லும் 1536-லும் போர்த்துகீசியர் தேடி வந்து அடித்தார்கள். 1540 வாக்கில் இந்த மேட்டைத் தேர்ந்தெடுத்துக் கோட்டை போட்டார். இங்கே நின்று பார்த்தால் காரணம் புரிகிறது. ஆற்றில் மேலே போகிற படகு எதுவானாலும் கண்ணில் படாமல் போகாது. ஆனால் 1564-ல் சுமத்ராவிலிருந்து அச்சேக்காரர்கள் வந்து ஊரைக் கொளுத்தி, சுல்தானையே பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவில்லை.

தன் முன்னோர் கல்லறைக் கற்கள் எதிரியின் மதிலில் இருப்பதை அறிந்த ஒருவர், தன் கோட்டைக்கு மண்ணைக் குவித்தபோது என்ன நினைத்திருப்பார்? மண்ணைப் பிரித்து எடுத்துப் போய் யாரும் இன்னொரு கோட்டை கட்ட முடியாது என்று நினைத்திருக்கலாம். இது என் கற்பனைதான். மண்ணும் மரமும் கைக்கு எட்டிய பொருள்கள் என்பதே உண்மையான காரணமாக இருக்கும்.

கடைசி அடி 1587-ல் விழுந்தது. சுல்தான் அலி ஜல்லா மலாக்காவுக்கு உணவுக் கப்பல் போகவிடாமல் மறித்தார். பசியில் தவித்த போர்த்துகீசியர் கோவாவிலிருந்து உதவி கேட்டார்கள். டோம் பாவுலோ டி லிமா பெரெய்ரா படையோடு வந்து, ஆகஸ்டில் கோட்டையை ஏறிப் பிடித்து, ஊரைத் தீயிட்டார். நூற்றுக்கணக்கான பீரங்கிகளை அள்ளிக்கொண்டு போனதாக அவர்கள் பக்கத்துப் பதிவுகள் சொல்கின்றன. வென்றவர் எழுதிய கணக்கு, கொஞ்சம் கழித்தே படிக்க வேண்டும். எப்படியானாலும் சிறு கோட்டை இல்லை அது. தலைநகரம் ஆற்றின் மேற்புறம் பத்து சாவாருக்கு நகர்ந்தது.

1950-களில் சீவ்கிங், வீட்லி, கிப்சன்-ஹில் ஆகியோரும், 1960-ல் சோல்ஹைமும் கிரீனும் இங்கே தோண்டினார்கள். சீனப் பீங்கான் ஓடுகள், உள்ளூர் மண்பாண்டச் சில்லுகள். அரசர்களைத் தேடிப் போகிற குழிகளில் பெரும்பாலும் அடுக்களைதான் கிடைக்கிறது. எனக்கு அதில் வருத்தம் இல்லை.

*

ஆ ஃபாமோசாவும் நிலைக்கவில்லை. 1807-ல் ஆங்கிலேயர், என்றாவது டச்சுக்காரரிடம் மலாக்காவைத் திருப்பித் தர நேர்ந்தால் இந்த மதில் அவர்களுக்கு உதவக்கூடாது என்று, வெடி வைத்துத் தகர்த்தார்கள். பொறுப்பேற்றவர் வில்லியம் ஃபார்க்குவார். மிஞ்சியது ஒரு வாசல். இன்று அதன் முன்னால்தான் எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறோம்.

அந்த இடிப்பைப் பார்த்த ஒரு சிறுவன் பின்னாளில் அதை எழுதி வைத்தான். முன்ஷி அப்துல்லா. நவீன மலாய் உரைநடை அவரிடமிருந்து தொடங்குகிறது என்பார்கள். நாகூர் வழி வந்த குடும்பம், பாட்டி பெயர் பெரியாச்சி, அவருக்குத் தமிழும் தெரியும். கோட்டைக்குள் பேய் இருக்கிறது என்று கூலிக்காரர்கள் அஞ்சியதையும், வெடித்தபோது பெரும் பாறைகள் பறந்ததையும் அவர் விவரிப்பதைப் படித்தால், இடித்தவர் மேல் கோபம் வருவதற்கு முன்னால் அந்தக் கூலிக்காரர்களின் பயம்தான் மனதில் ஒட்டுகிறது. சுவரின் கீழே நிற்பது அவர்கள். உத்தரவு போட்டவர் தள்ளி நிற்பார்.

*

நான் இங்கே வர விரும்பியதற்குக் காரணம் இந்தக் கோட்டை இல்லை. ஆற்றின் தலைப்பக்கம் இருப்பதாகச் சொல்லப்படும் இன்னொன்று.

செஜாரா மெலாயு என்ற மலாய் அரச வரலாற்றில் வருகிறது. கிளிங் நாட்டு, அதாவது தென்னிந்திய, மாமன்னர் ஒருவர் பெரும்படையோடு வருகிறார். சூரன், சூலன் என்று பிரதிக்குப் பிரதி பெயர் மாறுகிறது. கங்கா நகரத்தை அழிக்கிறார். பிறகு ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில், கருங்கல்லால் கட்டிய கிளாங்கி என்ற கோட்டைக்கு வருகிறார். அதன் அரசன் சூலினைக் கொன்று, மகளை மணந்துகொள்கிறார். அங்கிருந்து சீனத்தைப் பிடிக்கப் புறப்பட்டுத் தெமாசெக் வரை, அதாவது இன்றைய சிங்கப்பூர் வரை, வந்துவிடுகிறார்.

அப்புறம் வருவதுதான் எனக்குப் பிடித்த இடம். சீனப் பேரரசர் படை அனுப்பவில்லை. ஒரு கப்பல் அனுப்புகிறார். அதில் துருப்பிடித்த ஊசிகள், காய்த்து நிற்கும் மரங்கள், பல் விழுந்த கிழவர்கள். சீனம் எவ்வளவு தூரம் என்று கேட்டால் கிழவர்கள் சொல்கிறார்கள்: புறப்பட்டபோது நாங்கள் பன்னிரண்டு வயதுப் பையன்கள், இந்த மரங்கள் அன்று நாங்கள் போட்ட விதை, இந்த ஊசிகள் அன்று கைப்பருமன் இரும்புத் தடிகள். மாமன்னர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார். உலகத்தை வென்றவரை ஒரு கப்பல் கிழவர்கள் வென்ற கதை. நம் மேடைகளில் இந்தப் பகுதியை யாரும் சொல்வதில்லை.

அந்த நூலை எழுதியவராக அறியப்படும் துன் ஸ்ரீ லானாங், ஜொகூரின் பெண்டஹாரா, அதாவது தலைமை அமைச்சர். 1612-ல் இந்த ஆற்றின் கரையில், பாசிர் ராஜாவில், அந்தப் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. இந்தக் கோட்டை எரிந்து கால் நூற்றாண்டுதான் ஆகியிருந்தது. மண்கரையில் நின்றுகொண்டு இதை நினைத்தபோது கருங்கல் கோட்டை எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. வெளியூர்ப் படை ஆற்றில் ஏறி வருவது, கோட்டை விழுவது, அரசன் சாவது, அரசகுலப் பெண்கள் பிறர் வசமாவது, இவையெல்லாம் அவருடைய தலைமுறை பார்த்தவை. பழங்காலத்துக் கிளாங்கியை எழுதும்போது மனதில் எந்த ஊர் எரிந்திருக்கும்? 1613-ல் அச்சேக்காரர்கள் மறுபடி வந்தார்கள். அவரையும் பிடித்துக்கொண்டு போனார்கள்.

*

ராஜேந்திர சோழன் 1025-ல் கடல் கடந்து ஸ்ரீவிஜயத்தைத் தாக்கியது வரலாறு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, பிடித்த ஊர்களை வரிசையாகச் சொல்கிறது. மலைமேல் கோட்டை கொண்ட மலையூர், ஆழ்கடலையே அகழியாகக் கொண்ட மாயிருடிங்கம், இலங்காசோகம், தக்கோலம், நக்கவாரம், கடைசியில் கடாரம். அந்தப் பட்டியலில் கிளாங்கி இல்லை. ஏறத்தாழ அறுநூறு ஆண்டு கழித்து எழுதிய மலாய் நூலின் மாமன்னரும் கல்வெட்டின் சோழனும் ஒருவரே என்பது நாம் போட்ட முடிச்சு. தவறான முடிச்சு என்றும் சொல்ல முடியாது. சோழர் படையின் நினைவு கதையாகி, கதை நூலாகியிருக்கலாம். இதற்குமேல் இழுத்தால் முடிச்சு அவிழ்ந்துவிடும்.

2005 பிப்ரவரியில் ஆய்வாளர் ரைமி சே-ரோஸ், பழைய சுவடிகளையும் வான்படங்களையும் வைத்து, அந்தக் கோட்டை ஜொகூர்க் காட்டில் இருக்கும் இடத்தை அணுகிவிட்டதாகச் செய்தி வந்தது. கோத்தா கிளாங்கி என்ற பெயர் திடீரென்று எல்லார் வாயிலும். சாஆவின் ஒட்டுக்கடைகளில் அன்று தே தாரேக்கு ஆறிப்போக நேரம் கிடைத்தது. அடுத்த ஆண்டே, தேடிப் பார்த்ததில் அப்படியொரு நகரத்துக்குச் சான்று கிடைக்கவில்லை என்று அதிகாரிகள் அறிவித்தார்கள். மறைக்கிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பி இன்னும் அடங்கவில்லை.

நம்மவர்களுக்கு ஏன் இவ்வளவு ஆவல் என்பது எனக்குத் தெரியும். யாராவது ஓர் அரசியல்வாதி நம்மை வந்தேறிகள் என்று பேசிவிட்டால், மறுநாள் நாம் கடாரத்தை எடுக்கிறோம். ஆயிரம் ஆண்டுக்கு முன்னாலேயே வந்தவர்கள் என்கிறோம். வந்து என்ன செய்தோம் என்பதை யாரும் திருப்பிக் கேட்பதில்லை, அதுவரை நல்லது. கேட்டால், கோட்டையை உடைத்தோம், அரசனைப் பிடித்தோம், வாசல் கதவைக் கழற்றிக்கொண்டு போனோம் என்றுதான் கல்வெட்டை வைத்துப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஓர் ஊரில் எனக்கு உரிமை உண்டு என்பதற்கு, அதை என் ஆட்கள் ஒருமுறை கொள்ளையடித்தார்கள் என்பதைச் சான்றாகக் காட்டுவது எனக்கு ஒட்டவில்லை. கருங்கல் கோட்டை கிடைக்காமலே இருக்கட்டும் என்றுகூடச் சில நேரம் தோன்றுகிறது. கிடைத்தால் நாம் போய் வெற்றி விழா கொண்டாடுவோம்.

*

இதே ஆற்றங்கரையில் 1930-களில் இன்னொருவர் தேடிக்கொண்டிருந்தார். ஜெரால்ட் கார்ட்னர், ஜொகூர் சுங்கத்துறைக்காரர். ஓய்வு பெற்று இங்கிலாந்து போனபின் சூனியக்காரர்களின் சமயம் ஒன்றைப் பரப்பிப் பெயர் வாங்கினார், அது வேறு கதை. இங்கே இருந்தபோது ஆற்றோரத்தில் பாசிமணிகளைப் பொறுக்கினார். அவை ரோமப் பேரரசோடு இருந்த கடல் தொடர்புக்குச் சான்று என்று 1937-ல் எழுதினார். ரோம் வரை போக வேண்டுமா என்பது இருக்கட்டும். தென்னிந்தியாவில் அரிக்கமேடு போன்ற இடங்களில் செய்த கண்ணாடி மணிகள் தென்கிழக்கு ஆசியா முழுக்கப் பரவியிருந்தது உறுதி. ராஜேந்திரனுக்குப் பல நூற்றாண்டு முந்திய சங்கதி அது.

மணி கொண்டுவந்தவன் யாரையும் அடிக்க வரவில்லை. காற்று மாறும்வரை இங்கேதான் காத்துக் கிடந்திருப்பான். விலை பேச வேண்டும், அதற்கு இந்த ஊர்ப் பேச்சு நாலு வார்த்தை பழக வேண்டும். மேடைக்கு ஒரு முன்னோர் வேண்டுமென்றால் நான் இவனைத் தேர்ந்தெடுப்பேன். கைதட்டல் வராது.

*

"நம்ம ஊர்ல இல்லாத கோட்டையா?" என்று பெரியப்பா கேட்டார். அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்து ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம்.

அவர் சொன்னது அவசரகாலத்தை. 1948-ல் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான போர் தொடங்கி, 1950-ல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. காட்டோரங்களில் சிதறிக் குடியிருந்தவர்களை, பெரும்பாலும் சீனர்களை, பிடுங்கிக்கொண்டு வந்து புதுக்கிராமங்களில் வைத்தார்கள். நாடு முழுக்க ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர். சாஆவின் புதுக்கிராமமும் அப்படிப் பிறந்ததுதான். எங்கள் லாபீஸ் வட்டாரம் காட்டுக்காரர்கள், அதாவது கம்யூனிஸ்டுகள், அதிகம் நடமாடிய பகுதி. தோட்டத்துத் தமிழர்களின் லயங்களையும் ஒன்றாகச் சேர்த்துச் சுற்றிலும் முள்கம்பி போட்டார்கள். விளக்குக் கம்பம், காவல் வாசல், இரவானால் ஊரடங்கு.

பெரியப்பாவுக்கு அப்போது ஏழெட்டு வயது. "காலையில பெரட்டு முடிஞ்சு வெளிய போற வாசல்ல எல்லாரையும் தடவிப் பார்ப்பானுங்க. சோறு கொண்டு போகக் கூடாது. காட்டுக்காரனுக்குக் குடுத்துருவோமாம். எங்கம்மா வெறும் வயித்தோட பால் வெட்டிட்டு வரும். வாளியில பாலு நெறையும், வயித்துல ஒண்ணும் இருக்காது."

கடையில் தகர டப்பாவில் பால் வாங்கினால் கடைக்காரர் அங்கேயே ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும், பதுக்கி வைத்துக் காட்டுக்கு அனுப்ப முடியாதபடி. அரிசி அளந்து கொடுத்தார்கள். கோட்டை என்றால் வெளியே இருக்கிற எதிரியைத் தடுக்க என்று படித்திருக்கிறேன். அந்தக் கம்பிவேலி உள்ளே இருப்பவரைப் பார்த்து நின்றது. வேலிக்கு வெளியே இருந்தவரையும் உள்ளே இருந்தவரையும் ஒரே பட்டினியால் கட்டிப்போட்ட திட்டம். ராணுவக் கல்லூரிகளில் அதை வெற்றிக்கு உதாரணமாகப் பாடம் நடத்துகிறார்கள்.

1960-ல் அவசரகாலம் முடிந்தது. வேலி போய்விட்டது. கம்பியைச் சிலர் ஆட்டுக்கொட்டகைக்கு எடுத்துக்கொண்டார்கள், சிலது துருவாகிப் போனது என்கிறார் பெரியப்பா. வாசல் எங்கே இருந்தது என்று கேட்டால் அவரும் அவர் வயதுக்காரர் ஒருவரும் வேறுவேறு இடத்தைக் காட்டுகிறார்கள். எழுபது ஆண்டுதான் ஆகிறது. நானூறு ஆண்டைத் தாண்டிய மண்கரை இங்கே புல்லோடு கிடக்கிறது, அதற்கு ஓர் அருங்காட்சியகமும் இருக்கிறது. கம்பிவேலியை யாரும் தோண்டப் போவதில்லை. தோண்டவும் ஒன்றும் இல்லை, கேட்டு எழுதிக்கொள்ளலாம். அதற்கு ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

*

கிடைக்காத நகரத்துக்காக இவ்வளவு பேசுகிறோம். கிடைத்ததை எப்படி வைத்துக்கொண்டோம்? கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் பதினோராம் எண் சண்டி, ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட கோயில் அடித்தளம், வீட்டுமனைக்காக நிலம் சமன்செய்தபோது இடித்துத் தள்ளப்பட்டது. 2013 டிசம்பரில்தான் வெளியே தெரிந்தது. நிலம் தனியாருடையது, அங்கே அப்படியொன்று இருப்பது தெரியாது என்று பேச்சு. வெடி தேவைப்படவில்லை, படை தேவைப்படவில்லை, ஒரு மண்தள்ளி போதுமாக இருந்தது. அதைப் பற்றிப் பேசிய கூட்டங்களுக்கு வந்தவர்களைவிட, கோத்தா கிளாங்கியைப் பற்றிக் கேட்க வந்தவர்கள் எப்போதும் அதிகம்.

*

திரும்பும் வழியில் கோத்தா திங்கியில் சாப்பாட்டுக்கு நிறுத்தினோம். கருங்கல் கோட்டை லிங்கியூ அணைத் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது என்பது பெரியப்பாவின் முடிவு. 1995-ல் கட்டி முடித்த நீர்த்தேக்கம் அது. ஆற்றில் கடல் உப்பு ஏறிவராமல் தள்ளிப் பிடிக்க அங்கிருந்து தண்ணீர் திறந்துவிடுகிறார்கள். அதனால்தான் சிங்கப்பூர் கீழே இறைத்துக் குடிக்க முடிகிறது.

2016-ல் அந்தத் தேக்கம் ஐந்தில் ஒரு பங்குக்கு வற்றிப்போனது, அப்போதுகூட எந்த மதிலும் தலை காட்டவில்லை என்றேன்.

"தண்ணி அளக்கப் போனவன் தண்ணியத்தான் பார்த்திருப்பான்" என்றார்.

காடு பாதுகாக்கப்பட்ட நீர்ப்பிடிப்புப் பகுதி, அனுமதி இல்லாமல் போக முடியாது என்றேன். மீன்தலையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார்.

"ஒருவேளை கண்டுபிடிச்சாங்கன்னு வச்சுக்கோ. சுத்தி வேலி போட்டுருவாங்கல்ல?"

போடுவார்கள் என்றேன்.

"அப்ப டிக்கெட் இருக்கும். வயசானவங்களுக்குப் பாதி விலைதான?"